கைமாத்து

மவுஸும் இல்லாத, தட்டுகிற பொத்தான்களும் இல்லாத, வெறும் கண்ணாடியாக மட்டும் இருந்த புதுக் கம்ப்யூட்டர் வாகைநேரிக்கு வந்தது, ஆடிக் காற்று தெருப் புழுதியை அள்ளிக் கூரைகளின் மேல் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில். வந்த அன்றே அது தன்னைத் தொட்டவரின் கையை அடுத்துத் தொடுகிறவருக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டது, ஆனால் அதை யாரும் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது: ஒரு கட்டத்துக்குள் போனால் வெளியே வருவது எப்படி என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

லூர்துமேரிக்கும் தெரியவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் உரமூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். கடற்கரை ஊர்க்காரி, கணவன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டினான், பிள்ளைகள் இல்லை, வேலைக்காக இந்தச் செம்மண் காட்டுக்கு வந்து, கிட்டங்கிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கி, யூரியா வாடை சேலையிலும் தலைமுடியிலும் ஏறிப்போன பிறகு அந்த வாடையே தெரியாதவளாகிவிட்டிருந்தாள். பழைய கம்ப்யூட்டர் இருந்தவரை மேலத்தெருக்காரர்களும் சரி, கீழத்தெருக்காரர்களும் சரி, மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று பெயரையும் ஊரையும் சொல்வார்கள், அவள் தட்டுவாள், வேலை முடியும். புதியதில் அது நடக்காது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் பச்சை நிறத்தில் 'சம்மதம்' என்று ஒரு கட்டம் வரும்; யாருடைய வேலையோ அவரே தன் விரலால் அதைத் தொட வேண்டும்; வேறு வழியில்லை என்று அதை மாட்ட வந்த கம்பெனி ஆள் சொல்லிவிட்டார்.

அவர் வேலையை முடித்து, சரிபார்ப்பதற்கு அந்தச் சம்மதத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு நகர்ந்ததும் லூர்துவும் தொட்டாள். ஆள்காட்டி விரலின் நுனி சுரீரென்று எரிந்தது.

"சார், விரல்ல சூடு பட்டிருக்கா உங்களுக்கு?"

"ஆமாம்மா, வரும்போது பைக் சைலன்சர்ல வச்சிட்டேன். எப்படித் தெரியும்?"

"எனக்கும் எரியுதே."

அவர் யோசித்துப் பார்த்து, மண் தரை என்பதால் அப்படி இருக்கலாம், ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முதல் வாரம் ஊர் முழுக்க அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் பேச்சு. கலர் கலராகக் கட்டம் போட்டுச் சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்றார்கள் சிலர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், ஸ்டார்ட் என்று எழுதிய இடமே இல்லாத வண்டியை எந்த மடையன் ஓட்டுவான் என்று சங்கத் தலைவரிடமே சண்டைக்குப் போனார். மூலைக்கு விரலைக் கொண்டுபோனால் எங்கிருந்தோ ஒரு பட்டை ஓடிவருகிறது, ஓரத்திலிருந்து இழுத்தால் இருந்தது போய்விடுகிறது, போனது எங்கே போனதென்று அதுவும் சொல்லமாட்டேன் என்கிறது என்று லூர்துவே புலம்பினாள். மாவு தள்ளுவதுபோலத் தள்ளிப் பாருங்கக்கா என்று இட்லிக்கடைக்காரி ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள்; அப்படித் தள்ளியபோது சரியாக வந்தது.

கை மாறுகிற சங்கதி அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. மற்றக் கட்டங்களை லூர்து எத்தனை தடவை தொட்டாலும் ஒன்றும் ஆகவில்லை, சம்மதத்தைத் தொட்டால்தான் கை மாறியது. பரோட்டா மாஸ்டருக்குப் பின்னால் தொட்டுவிட்டுப் போன தலைமையாசிரியர், சாயங்காலம் பிள்ளைகளின் விடைத்தாள்களை மேஜையில் ஓங்கி அடித்து, விரித்து, சுருட்டி வைத்தார். பூக்கட்டுகிறவளுக்குப் பின்னால் தொட்ட கொத்தனார், பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் கீழே கிடந்த வைக்கோலையெல்லாம் சரம் கட்டினார், சரம் நன்றாகவும் இருந்தது. வலி இருந்தால் வலி வந்தது, காய்ச்சல் இருந்தால் காய்ச்சல். எதையாவது பிடித்துவிட்டு வந்தால் பிடித்தது வந்தது. வந்த கை அடுத்த வேளைச் சோறு வரைக்கும் இருந்தது. அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் உண்டதும், அது போய் அவரவர் கை அவரவருக்குத் திரும்பிவிட்டது. ஊர் இதற்குக் 'கைமாத்து' என்று பெயர் வைத்தது. அவசரத்துக்கு வாங்கி அன்றைக்கே திருப்புவது என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயர் வைத்த பிறகு அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? யாருக்குப் பின்னால் நிற்பது என்பதுதான் ஊரின் வேலையாகிவிட்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளையைக் கணக்கு வாத்தியாருக்குப் பின்னால் நிறுத்தினார்கள். மூட்டுவலிக்காரர்களை முன்னால் விட்டுவிட்டு யாரும் நிற்கமாட்டார்கள், அதனால் மூட்டுவலிக்காரர்கள் எல்லோரும் ஒருவர் பின்னால் ஒருவராகத் தங்களுக்குள்ளேயே வலியை மாற்றிக்கொண்டார்கள், அதில் ஒரு மாற்றமாவது கிடைக்கிறதே என்று சொல்லிக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி சொஜ்ஜிக்கு முன்னால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு சென்டருக்கு வந்தார்கள். பெண் தொட்டதும் மாமியாராகப் போகிறவள் தொட்டுப் பார்ப்பாள். ஒருத்தியின் கை அரிவாள்மணையில் வேகமாக ஓடுகிற கை என்று அன்றைக்கே பாக்கு மாற்றினார்கள். இன்னொருத்திக்குப் பின்னால் தொட்டவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்விட்டாள். என்ன வந்தது என்று அவளும் சொல்லவில்லை, ஊரும் கேட்கவில்லை.

கம்பெனியிலிருந்து ஒருநாள் போன் வந்தது, புதுக் கம்ப்யூட்டரைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு.

"கை மாறுதுன்னு சொல்லுதாங்க சார்," என்றாள் லூர்து.

"அது போகட்டும்மா. தொட்டா உடனே ரெஸ்பான்ஸ் இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

அவர்கள் சந்தோஷமாக வைத்துவிட்டார்கள்.

இப்படியே போயிருக்கும், அருணாசலத்துக்கு மாரிக்கனியின் கை வராமல் இருந்திருந்தால். அருணாசலம் மேலத்தெருவில் வாழைத்தோட்டக்காரர், முறைப்பான ஆள். மாரிக்கனி கீழத்தெருவில் கைப்பிள்ளைக்காரி. கூட்டத்தில் யார் முன்னால், யார் பின்னால் என்று பார்க்காமல் அவர் தொட்டுவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் வரை அவருடைய வலது கை எதைக் கண்டாலும் மெல்லத் தட்டிக்கொடுத்தது. பைக்கின் பெட்ரோல் டேங்கைத் தட்டித் தூங்கவைத்தது, டீக்கடை பெஞ்சைத் தட்டியது, பேசிக்கொண்டிருந்தவனின் முதுகைத் தட்டியது. அவன் பாதிப் பேச்சில் கொட்டாவி விட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாருடைய கை என்று தெரிந்த பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் மேலத்தெரு ஆண்கள் கிட்டங்கி வாசலில் நின்றார்கள். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள், அது இரண்டு நாள் இருண்டு கிடந்து மறுபடி விழித்து, விழித்ததும் தெளித்தவனுக்குப் பின்னால் தொட்டவனுக்குத் தெளித்தவனின் கையைக் கொடுத்தது. தனிக் கம்ப்யூட்டர் கேட்டார்கள். சங்கத்தில் அதற்கு வழியில்லை. கடைசியில் தலைவர் ஒரு ஏற்பாடு சொன்னார்: காலையில் மேலத்தெரு, மதியத்துக்கு மேல் கீழத்தெரு. அப்படியானாலும் மதியம் முதலில் தொடுகிறவனுக்குக் காலையில் கடைசியாகத் தொட்டவர் கை வருமே, மறுநாள் காலையில் முதலில் தொடுகிறவருக்கு நேற்றுச் சாயங்காலத்துக் கை வருமே என்று அருணாசலம் கேட்டார். எல்லோரும் லூர்துவைப் பார்த்தார்கள்.

"நீங்க இடையில ஒரு தொடு தொட்டுருங்க லூர்தம்மா," என்றார் தலைவர். "மதியம் ஒண்ணு, காலையில திறந்ததும் ஒண்ணு. நீங்க ரெண்டு பக்கத்துலயும் இல்லாத ஆளு. உங்க கை பொதுக் கை."

அப்படித்தான் அவள் இரண்டு தெருவுக்கும் நடுவில் சுவரானாள். அவள் கையைப் பற்றி இரண்டு தெருவிலும் ஒரே அபிப்பிராயம்தான். "உங்க கை வந்தா ஒண்ணுமே தெரியல மதினி," என்றாள் மாரிக்கனி. "பானைத் தண்ணியில கைய விட்டமாதிரி சில்லுனு இருக்கு, அவ்வளவுதான்." பாராட்டாகத்தான் சொன்னாள். லூர்து அன்று அறைக்குப் போய் மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். அவன் அங்கே வெயிலைப் பற்றியும், கூட இருக்கிறவன் சமையலைப் பற்றியும் பேசினான். பேசி முடித்து வைத்த பிறகு அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி இருந்தாள், இருபக்கமும் ஒன்றுமில்லை.

காலை நேரத்தில் கடைசியாகத் தொடுவது எப்போதும் ஒருத்திதான் என்பதை அவள் கவனிக்கக் கொஞ்ச காலம் ஆனது. அருணாசலத்தின் அண்ணன் மாசானமுத்துவின் மகள் உலகம்மாள். வீட்டில் உலகு. கல்லூரி முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள், தேர்வுத் தேதி வந்துவிட்டதா, விண்ணப்பம் ஏற்கப்பட்டதா என்று தினம் ஏதாவது பார்க்க வருவாள், மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் தொடுவாள். அவளுக்குப் பின்னால் லூர்து தொடும்போது வெறும் கை வராது. ஒருநாள் கன்றுக்குட்டியின் காது வந்தது, நுனி ஈரமாக. ஒருநாள் கிணற்றடியின் குளிர்ந்த பாசி. ஒருநாள் உள்ளங்கைக்குள் ஏதோ ஒரு குஞ்சுப் பறவை, பஞ்சுக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. லூர்து அன்று சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு வெகுநேரம் கையைக் குவித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

மதியம் முதலில் தொடுகிறவனும் எப்போதும் ஒருவன்தான். மகிழன், கீழத்தெரு, டவுனில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன். மதிய இடைவேளையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வருவான், ஏதாவது ஒரு சான்றிதழின் நிலையைப் பார்ப்பான், தொடுவான், தொட்டதும் உள்ளங்கையைத் திறந்து பார்ப்பான், மூடுவான், மறுபடி திறப்பான். பிறகு முகம் விழுந்துபோய், "சரிக்கா" என்று கிளம்பிவிடுவான். சாயங்காலம் அடைக்கிற நேரத்துக்கு மறுபடி வந்து கடைசியாக ஒரு தடவை தொட்டுவிட்டுப் போவான். காலையில் திறந்ததும் ஓடிவந்து முதலில் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போகிற ஆளும் உலகுதான்.

லூர்து ஒருநாள் கேட்டாள். "ஏட்டி உலகு, உங்க வீட்டுல பசு கன்னு போட்டிருக்கோ?"

"ஆமாக்கா. உங்களுக்கு யாரு சொன்னா?"

"காது மெத்துன்னு இருந்துச்சு."

உலகு நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "உங்களுக்கு வந்துட்டாக்கா?" என்றாள். "அது உங்களுக்கு இல்லக்கா."

அவளும் மகிழனும் கல்லூரிக்குப் போன காலத்தில் ஒரே பஸ்ஸில் போனவர்கள் என்பதும், அந்தப் பஸ்ஸில் ஒருநாள்கூட நின்று பேசிக்கொண்டதில்லை என்பதும், அவன் ஏறும் நிறுத்தம் வந்தால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள், திரும்பிக்கொள்வதுதான் பேச்சு என்பதும் அன்றைக்கு லூர்துவுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் முதலில் அவளுக்கு வந்தது பயம்தான். அவள் இந்த ஊருக்கு வந்த வருஷம் மேலத்தெருவில் ஒரு பெண் வயிற்றுவலி தாங்காமல் கிணற்றில் விழுந்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள், எல்லோரும் ஒரே மாதிரி, ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள்.

"வேண்டாம்ட்டி," என்றாள் லூர்து. "படிச்சு வேலைக்குப் போ. தூரமாப் போ."

"நான் ஒண்ணும் செய்யலியேக்கா. தொட மட்டுந்தானே செய்யுதேன். அதுவும் கண்ணாடியை."

மறுநாள் மதியம் உலகு தொட்டுவிட்டுப் போன பிறகு லூர்து கண்ணாடிக்கு மேலே விரலைக் கொண்டுபோனாள். விரல் அங்கேயே நின்றது. என்ன வைத்துவிட்டுப் போயிருக்கிறாளோ, அதுவும் எனக்கு இல்லை என்று நினைத்தாள். வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. விரலை மடக்கிக்கொண்டாள்.

மகிழன் வந்து தொட்டான். வழக்கம்போல உள்ளங்கையைத் திறந்து பார்க்கப் போனவன் திறக்கவில்லை. எதையோ நசுங்கிவிடாமல் பிடிப்பதுபோல விரல்களை வளைத்து, மெல்ல நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், லூர்துவைப் பார்த்து, சத்தமாகச் சிரித்துவிட்டான். வரிசையில் நின்ற மாரிக்கனி, "என்னல, பொதுக் கையில அப்படி என்ன வந்துட்டு?" என்று கேட்டாள். சில்லுன்னு இருக்கு என்றான் அவன்.

அதற்குப் பிறகு லூர்து மதியமும் தொடவில்லை, காலையிலும் தொடவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் கண்ணாடி மட்டும் இருந்தது. உலகு கொடுத்ததெல்லாம் வீட்டைச் சுற்றிக் கிடைத்தவை: மழைக்குப் பிறகு உருட்டிய ஈரமண், சூடான இட்லித் துணி, படித்துப் படித்துப் பேனா பதிந்த விரலின் தழும்பு. அவன் கொடுத்தது செம்புக் கம்பியின் மினுமினுப்பு, ஓடத் தொடங்கிய மோட்டாரின் அதிர்வு, இருமுகிற அம்மாவின் முதுகைத் தடவிவிட்ட கை. மார்கழி போய்த் தை வந்தது. உலகு அந்தத் தேர்வில் தேறினாள். ஊரில் ஒரு குறையும் இல்லை. மேலத்தெருவில் முதல் ஆளுக்கும் கீழத்தெருவில் முதல் ஆளுக்கும் வேறு கை வந்ததாக யாரும் புகார் சொல்லவில்லை, முதல் ஆட்கள் அவர்களாகவே இருந்ததால்.

மாசியில் ஒருநாள் விடியுமுன் சூறைக்காற்று அடித்து வாழைத்தோட்டங்கள் சாய்ந்தன. மறுநாள் காலையில் உலகு வரவில்லை. பசுவைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு போயிருந்தாள். லூர்து கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள், உலகுதான் வருவாள் என்ற நம்பிக்கையில். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது உள்ளே மாசானமுத்து நின்றுகொண்டிருந்தார். பயிர்க் காப்பீட்டுக்கு நேற்றே எல்லாம் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார், சம்மதம் மட்டும் தொட வேண்டியிருந்தது. தொட்டுவிட்டிருந்தார்.

அவர் நல்ல உயரம், கருத்த மேனி, வாழைத்தார் சுமந்து தழும்பேறிய தோள். தன் வலது கையை வேறு யாரோ தூக்கிக்கொண்டு வந்து கொடுத்ததுபோல முகத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நடுங்கியது.

"லூர்தம்மா, இது ஆருக்குப் பின்னால?"

"எனக்குப் பின்னாலதான் அண்ணாச்சி."

"உங்க கை எனக்குத் தெரியும். பானைத் தண்ணி. இது அது இல்ல."

அவள் குடத்தை இறக்கி வைக்கவில்லை. அவர் மேஜைமேல் கையை ஊன்றினார். காற்றில் வந்த செம்புழுதி மேஜை முழுக்கப் படிந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆள்காட்டி விரல் நகர்ந்து அந்தப் புழுதியில் எழுதியது. எழுதி எழுதிப் பழகிய விரல்போல, யோசிக்காமல், ஒரே வீச்சில் எழுதியது. உலகு. கொஞ்சம் தள்ளி இன்னொரு தடவை. உலகு.

அவர் அதை வாசித்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் என்றாலும் அந்த மூன்றெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஆரு?"

பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று லூர்துவுக்குத் தோன்றியது. "மகிழன். கீழத்தெரு, மோட்டார் காயில் கட்டுற பையன்," என்றாள். "இதுல எனக்கும் பங்கு இருக்கு அண்ணாச்சி. நடுவுல நான் தொடாம விட்டுட்டேன்."

அவர் அதற்குப் பதில் சொல்வதற்குள் உலகு வந்துவிட்டாள், முட்டிவரை சேறும், கையில் பசுவின் கயிறு இழுத்த சிவப்பும், முகத்தில் ஓடிவந்த மூச்சுமாக. அப்பாவைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். ஓடவில்லை.

மாசானமுத்து அடிக்கத்தான் கையை ஓங்கினார். லூர்து குடத்தோடு குறுக்கே வந்தாள். ஆனால் ஓங்கிய கை மேலேயே நின்றது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, இறங்கி மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துக் கீழே போட்டது. அவர் மறுபடி ஓங்கினார். அது மறுபடியும் இறங்கி, இந்தத் தடவை அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டது.

"உன்னைத் தொட்டிருக்கானா?"

"இல்லப்பா. இதுல மட்டுந்தான்," என்று அவள் கண்ணாடியைக் காட்டினாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "இந்தக் கை பயப்படுது," என்றார், யாரிடம் என்றில்லாமல். "என்னை நினைச்சுத்தான் பயப்படுது. பயந்துகிட்டேதான் உன் பேரை எழுதுது." பிறகு, "அவன் ஆத்தாளுக்கு இருமல் ரொம்பவோ?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

வெளியே மேலத்தெருவிலிருந்து பேச்சுக்குரல்கள் வரத் தொடங்கின. அருணாசலத்தின் குரலும் அதில் இருந்தது. மாசானமுத்து எழுந்தார்.

"நான் இன்னும் காலைச் சோறு திங்கல. தின்னுட்டா இது போயிரும். போனபிறகு நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதுக்குள்ள ரெண்டுபேரும் ஊரைத் தாண்டிருங்க."

"எங்கப்பா போக?"

"எங்கேன்னு எங்கிட்டச் சொல்லாத. தின்னபிறகு எனக்கு அது தெரிஞ்சிருக்கக் கூடாது."

உலகு அவர் கையைத் தொட வந்தாள். அப்பாவின் கையைத் தொட வந்தாளா, அதற்குள் இருந்த மற்றதையா என்று லூர்துவுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லைபோல, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் கிட்டங்கியின் பின்கதவு வழியாக லூர்துவின் அறைக்குள் போய், அங்கிருந்து ஓடைப்பாதையில் இறங்கினாள். லூர்து மகிழனுக்குப் போன் செய்தாள். வரிசை உள்ளே வந்தபோது மாசானமுத்து உள்ளங்கையால் மேஜைப் புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை லூர்து ஒரு தடவை தொட்டாள், பொதுக் கையாக.

மதியத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அருணாசலமும் மற்ற சொந்தக்காரர்களும் இரண்டு வேன்களைப் பிடித்து வாசலில் நிறுத்திவிட்டு, அண்ணன் சொன்னால் கிளம்பிவிடலாம் என்று நின்றார்கள். பெற்றவன் சொல்லாமல் கிளம்பினால் அது முறையில்லை. எந்தப் பக்கம் போயிருப்பார்கள், அவளிடம் நகை என்ன இருக்கிறது, சிநேகிதிகள் யார் என்பதெல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும். அவர் கட்டிலில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் மூடிக்கொண்டிருந்தார். மனைவி தட்டில் சோறு கொண்டுவந்தாள். வேண்டாம் என்றார். தண்ணீர் மட்டும் குடித்தார், அதையும் இடது கையால். சாயங்காலம் வேன்காரர்கள் வாடகை ஏறுகிறது என்றார்கள். ராத்திரிச் சோற்றையும் அவர் தொடவில்லை. பெற்ற வயிறு எரிகிறது, அதனால்தான் உண்ணமாட்டேன் என்கிறார் என்று தெரு பேசியது. வயதான பெண்கள் வந்து, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, ஓடினவளுக்காக நீ ஏன் பட்டினி கிடக்கிறாய் என்று அழுதார்கள். மறுநாளும் அவர் சாப்பிடவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. வேன்கள் திரும்பிப் போயின. அருணாசலம் தனியாக மூன்று ஊர்களுக்குப் பைக்கில் போய் வெறுங்கையோடு வந்து, அண்ணன் காலடியில் உட்கார்ந்து, "நீ ஒரு வாய் தின்னுட்டு எந்திரிண்ணே, ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்," என்று கெஞ்சினார். மாசானமுத்துவின் கை, அது தன்பாட்டுக்கு, தம்பியின் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தது. பசியில் அவருக்குக் கண் இருட்டியது. சுவரில் சாய்ந்துகொண்டார்.

லூர்துவுக்குக் கடைசியில் ஒரு போன் வந்தது. வெகுதொலைவில் ஒரு பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது, அங்கே பாதுகாப்புக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றாள் உலகு. அவன் பக்கத்தில் இருக்கிறானா என்று லூர்து கேட்டாள். கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்றாள் அவள்.

லூர்து காப்பீட்டு ரசீதை எடுத்துக்கொண்டு மாசானமுத்துவின் வீட்டுக்குப் போனாள். வீடு நிறைய ஆட்கள். "அண்ணாச்சி, உங்க வேலை முடிஞ்சிட்டு. நல்லபடியா ஏறிட்டு," என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ரசீதை வாங்காமல் உள்ளே பார்த்து, "சோறு போடு," என்றார்.

முதல் கவளத்தைப் பிசைந்தவர் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை, கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு உண்டார். உண்டதும் அவர் கை அவருக்குத் திரும்பியது, திரும்பியதை வீட்டில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். தட்டை எறிந்தார். மகளின் புத்தகங்களை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார். வைத ஒவ்வொரு வார்த்தையையும் மனதாரத்தான் வைதார், லூர்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையெல்லாம் கேட்டாள். அவர் நடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது, அப்படி அவர் ஆவார் என்று அவரே சொல்லியிருந்ததும் நினைவிருந்தது. மறுநாள் கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினார். எனக்கு மகள் இல்லை என்று மேலத்தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

பங்குனி வெயில் ஏறியிருந்த ஒரு காலையில் தம்பியோடும் சொந்தக்காரர்களோடும் சென்டருக்கு வந்தார். இளைத்திருந்தார். ரேஷன் கார்டிலிருந்து உலகம்மாளின் பெயரை எடுக்க வேண்டும் என்றார். லூர்து கார்டின் எண்ணைப் போட்டாள், குடும்பத்தின் பெயர்கள் வந்தன, மூன்றாவது பெயரைத் தேர்ந்தாள். நீக்கக் காரணம் என்ன என்று கண்ணாடி கேட்டது. கேட்டுவிட்டுப் பெரிய பெரிய கட்டங்களாகப் பதில்களையும் அதுவே காட்டியது: இடப்பெயர்ச்சி ஒன்று, திருமணம் ஒன்று, இறப்பு ஒன்று.

"இதை நீங்கதான் தொடணும் அண்ணாச்சி," என்றாள்.

பின்னால் நின்ற அருணாசலம் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே யோசனை? அந்தக் கடைசிக் கட்டம்," என்றார்.

மாசானமுத்துவின் விரல் கடைசிக் கட்டத்துக்கு மேலே போய் நின்றது. அவருக்கு முன்னால் அன்று தொட்டது லூர்துதான், பொதுக் கைதான்; அதில் ஒன்றுமில்லை என்பது ஊருக்கே தெரியும். காலையில் அவர் வயிறார இட்லி தின்றுவிட்டுத்தான் வந்திருந்தார். யாருடைய கையும் அவர் கையில் இல்லை.

விரலை நகர்த்தித் 'திருமணம்' என்ற கட்டத்தைத் தொட்டார். பச்சையில் சம்மதம் வந்தது, அதையும் தொட்டார். உலகம்மாளின் பெயர் மறைந்தது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வெயிலில் இறங்கிப் போனார்.

அடுத்து நின்றது அருணாசலம். அவருக்கும் காப்பீட்டு வேலை பாக்கி இருந்தது. "அடுத்து ஆரு? வாங்க," என்றாள் லூர்து. அருணாசலம் கண்ணாடியைப் பார்த்தார். அண்ணன் போன வழியைப் பார்த்தார். வலது கையை மெல்ல அக்குளுக்குள் சொருகிக்கொண்டு, "நான் நாளைக்கு வாறேன்," என்றார்.